பேஸ்மென்ட் நாற்றங்கால்

என் வயதுக்காரர்கள் பலர் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்து நயாகராவைப் பற்றி எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஐந்து மாதம் டொராண்டோவில் இருந்தபோது நடந்த ஒரு விஷயத்தை மட்டும் இதுவரை எழுதவில்லை. எழுதலாமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க. எழுதாம இருந்து என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியாதா?" என்றாள். அவள் சொன்னதன் அர்த்தம் பின்னால் வரும்.

2023 நவம்பரில் போனோம். மகள் வீடு ஸ்கார்பரோ பக்கம். டிசம்பரில் அங்கே மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடுகிறது. ஜன்னல் வழியே பனியைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. பேரனுக்கு அப்போது 24 வயது, வேலைக்குப் போகிறவன். பன்னிரண்டு நாள் வான்கூவரில் பயிற்சி என்று கிளம்பும்போது என்னிடம் வந்தான்.

"தாத்தா, பேஸ்மென்ட்ல நாலு செடி வெச்சிருக்கேன். சின்னக் கன்னு. கொஞ்சம் பாத்துக்கறீங்களா? தஞ்சாவூர்க்காரர் கை பட்டா நல்லா வரும்."

"என்ன செடிப்பா?"

"ஹெம்ப் மாதிரி ஒண்ணு தாத்தா."

ஹெம்ப் என்றால் நம் டெல்டாவில் சணப்பை. கொழுஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பை மூன்றையும் விதைத்துப் பூப்பதற்கு முன் மடக்கி உழுதால் வயலுக்கு உரம். சணப்பையை ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்' என்பார்கள். பசுந்தாள் உரத்தை எதற்குப் பையன் வீட்டுக்குள் வளர்க்கிறான் என்று யோசித்தேன். கனடாக்காரர்கள் எதையும் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

கீழே போய்ப் பார்த்தால் அலமாரி உயரத்துக்கு ஒரு கறுப்புத் துணிக் கூடாரம். உள்ளே முழுக்க வெள்ளிக் காகிதம் போல மினுமினுப்பு. மேலே சங்கிலியில் தொங்கும் பலகை விளக்கு, எல்.இ.டி. கீழே நான்கு சிறு தொட்டிகளில் பத்து நாள் கன்றுகள். விளக்கு தினம் 18 மணி நேரம் எரிந்து தானே அணைய டைமர் வைத்திருந்தான். 100 வாட் என்று எழுதியிருந்தது. குமாஸ்தா புத்தி கணக்குப் போட்டது: ஒரு நாளைக்கு 1.8 யூனிட், 60 நாளுக்கு 108 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை இந்த ஒரு விளக்கே தின்று தீர்த்துவிடும்.

நான் விவசாயி இல்லை. காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தூக்கி ஓய்வு பெற்றவன். திருவையாறு எனக்கு மாமியார் வீடு. ஆனால் மாமனார் வயலில் நாற்றங்கால் போடும்போது வரப்பில் நின்று நாற்பது வருஷம் பார்த்திருக்கிறேன். அதில் கற்றது மூன்றே விஷயம். முதலாவது, தண்ணீரைத் தேக்காதே. முளைகட்டிய விதையைத் தெளித்த மறுநாள் தண்ணீரை வடித்துவிடுவார் மாமனார். வேர் மண்ணைப் பிடித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். இரண்டாவது, மர நிழலில் நாற்று விடாதே. வெளிச்சம் தேடி வெளுத்து நீளும், பறிக்கும்போது ஒடியும். மூன்றாவது, காற்று படவேண்டும். ஆடாத நாற்றுக்குத் தண்டில் பலம் இருக்காது.

பேரனின் கன்றுகளில் மூன்று குறையும் இருந்தன. மண் சொதசொதவென்று இருந்தது. அப்படியே விட்டால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகி, ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்று நம் ஊரில் கத்தரி, மிளகாய் நாற்றுக்கு வருவதுதான். மேல்மண் காய்ந்து, தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும் வரை தண்ணீர் விடவில்லை. விளக்கு ரொம்ப உயரத்தில் இருந்ததால் தண்டு நூல்போல் நீண்டிருந்தது. சங்கிலியை ஒரு முழம் இறக்கினேன். மறுநாள் இலை ஓரம் சுருண்டது. நாலு விரற்கடை ஏற்றினேன், சரியாகிவிட்டது. சமையலறையிலிருந்து சின்ன மின்விசிறியைக் கொண்டுவந்து எதிரே வைத்து, மெல்ல ஆடும்படி செய்தேன்.

ஒரு வாரத்தில் கன்றுகள் தெம்பாக நிமிர்ந்தன. எனக்கு ஒரே பெருமை. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே நான் நாற்றங்கால் வைத்திருக்கிறேன்! பிரெஞ்சில் நாற்றங்காலைப் பெப்பினியேர் என்பார்கள். பிள்ளைகள் உருவாகும் பள்ளிக்கும் அதே சொல்தான். எங்கள் வாத்தியார் வகுப்பைக் காட்டி அப்படிச் சொல்வார். ஐம்பது வருஷமாக நினைக்காத சொல் அந்தப் பேஸ்மென்டில் ஞாபகம் வந்தது.

பத்தாம் நாள் வீட்டுக்காரியை அழைத்துப்போய்க் காட்டினேன். முதலில் ரம்பப் பல்லோடு ஒற்றை இலை வந்திருந்தது, அப்புறம் மூன்று விரல், இப்போது ஐந்து விரலாக விரிந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"இது சணப்பை இல்லீங்க. புளிச்சக்கீரைல்ல? நாலு இலை கிள்ளித் தாங்க, துவையல் அரைக்கறேன். வாய் நமநமங்குது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அவள் கிள்ளக் கை நீட்டியபோது மாடிப்படியில் மகள் ஓடிவந்தாள். "அம்மா! அதக் கிள்ளாதீங்க!"

அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. புளிச்சக்கீரையும் கஞ்சாவும் இலையில் அக்கா தங்கை போல இருக்கும். புளிச்சைக்குத் தாவர நூலார் வைத்த பெயரிலேயே கஞ்சாவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லலை?" என்றேன்.

"சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் அப்பா."

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. கோபம் பேரன் மேலா, மகள் மேலா என்று எனக்கே தெரியவில்லை. காரணம் வேறு. அதை மகளிடம்கூட நான் சொன்னதில்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். என்னைவிட மூன்று வயது சின்னவன், என்னைவிட நன்றாகப் படித்தவன். பிரெஞ்சில் அவன் கட்டுரை எழுதினால் வாத்தியார் வகுப்பில் வாசித்துக் காட்டுவார். எழுபதுகளின் நடுவில் அவனுக்குச் சேர்க்கை மாறியது. சட்டையில் ஒரு வாசனை வரும். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் ஒருவர்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. "தம்பிக்கு உடம்பு சரியில்லை" என்போம். உறவுக்காரர்கள் வந்தால் பின்கட்டு அறையைச் சாத்திவைப்போம். கடைசியில் அவனுக்குத் தனியே பேசும் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. 1981-ல் ஒரு நாள் விடிகாலை கிளம்பிப் போனவன் திரும்பவில்லை. அப்பா காசி வரைக்கும் போய்த் தேடினார். அம்மா சாகும்வரை ராத்திரி வாசல் கதவைத் தாழ் போடவிடவில்லை.

பேரன் வான்கூவரிலிருந்து வந்தான். செடிகளைப் பார்த்துவிட்டு, "தாத்தா, சூப்பர்!" என்றான். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தான்.

உட்காரவைத்துக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் சட்டப்படி இது குற்றம் இல்லை. ஒரு வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பினால் கடையிலேயே வாங்கலாம் என்றான். வார இறுதியில் நண்பர்களோடு கொஞ்சம், தூக்கம் வராத இரவில் கொஞ்சம். "பீர் குடிக்கறதவிட இது பரவால்ல தாத்தா."

அவன் சொன்ன சட்டம் சரிதான், சரிபார்த்தேன். கூடவே ஒன்று தெரிந்தது: பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் கடையில் வாங்கலாம், வீட்டில் ஒரு செடிகூட வளர்க்கக் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பேரனிடம் சொன்னேன். "எங்க பிரெஞ்சுக்காரன் கொஞ்சம் யோசிச்சிருக்கான் பாரு" என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. அப்போதுதான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். மகளும் நின்று கேட்டாள். நாற்பது வருஷத்துக்கு மேல் பூட்டிவைத்திருந்தது.

முழுக்கக் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அவர்கிட்ட யாராச்சும் உக்காந்து பேசினீங்களா தாத்தா?"

இல்லை என்றேன்.

இனி என் கருத்து. இது எழுபத்துநாலு வயதுக் குமாஸ்தாவின் கருத்து, வைத்தியன் கருத்தோ வக்கீல் கருத்தோ அல்ல.

முதலில், செடியைப் பற்றிப் பொய் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். ஒரு கூட்டம் 'சிவன் மூலிகை, ஒன்றும் செய்யாது' என்கிறது. இன்னொரு கூட்டம் 'ஒரு தடவை தொட்டால் பைத்தியம்' என்கிறது. பிள்ளைகள் இரண்டையும் நம்புவதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே இதை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டு, 1894-ல் பல தொகுதி அறிக்கை கொடுத்தார்கள். அளவாக உபயோகிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பெரிய கேடு இல்லை, மிதமிஞ்சினால் கேடு, முழுத் தடை தேவையில்லை என்பது அதன் சாரம். சித்த வைத்தியத்தில் சுத்தி செய்து சேர்க்கிறார்கள். நாரில் கயிறு திரித்தார்கள். மார்சேய் துறைமுகத்தின் பெரிய வீதிக்குக் கானபியேர் என்று பெயர். அங்கே கயிறு திரித்தவர்களின் சணலிலிருந்து வந்த பெயர் அது. பள்ளியில் படித்தபோது அது இந்தச் செடி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுபக்கமும் உண்மை. இன்றைக்கு வெளிநாட்டில் விற்கும் ரகங்கள் அந்தக் காலச் செடியைவிடப் பல மடங்கு வீரியம். மூளை முழுதாக முதிர்வது இருபதுகளின் நடுவில்தான் என்கிறார்கள் டாக்டர்கள். அதற்கு முன் அடிக்கடி புகைக்கிறவர்களுக்கு, முக்கியமாகக் குடும்பத்தில் மனநோய் இருந்தால், குரல் கேட்பது போன்ற நோய் வரும் வாய்ப்பு அதிகம். என் பேரனுக்கு இது வெறும் செய்தி இல்லை. அவன் சின்னத் தாத்தாவுக்கு வந்த நோய். அதை நாங்கள் மறைத்ததால், தன் உடம்பைப் பற்றித் தெரியவேண்டிய ஒரு தகவல் அவனுக்குத் தெரியாமல் போனது. 'பரம்பரையில் யாருக்காவது உண்டா' என்று டாக்டர் சர்க்கரைக்குக் கேட்டால் பட்டியல் போடுகிறோம். இதற்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை.

இரண்டாவது, சட்டம். ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் வேறு விதி. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் பெரியவர்கள் மூன்று செடி வளர்க்கலாம். பிரான்ஸில் கூடாது. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. நம் நாட்டில் 1985-ம் வருஷச் சட்டம். உரிமம் இல்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அதில் ஒரு பிரிவைப் படித்து எனக்கு வேர்த்தது. செடி என் பொறுப்பில் இருந்தால், தெரிந்தே வளர்த்தேன் என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். 'புளிச்சக்கீரை என்று நினைத்தேன்' என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டும்! வீட்டைத் தெரிந்தே இதற்கு விட்டவருக்கும் தண்டனை உண்டு. நாருக்காகவும் விதைக்காகவும் போதை குறைந்த ரகத்தை வளர்க்க அரசு அனுமதி கொடுக்கலாம். உத்தராகண்டில் 2018 முதல் கொடுக்கிறார்கள். 2021-ல் அதன் விதையை உணவுப் பொருளாகவும் ஏற்றிருக்கிறார்கள். அதெல்லாம் உரிமத்தோடு. செல்போனில் பார்த்துவிட்டு அறைக்குள் விளக்கு மாட்டுகிற பையனுக்கு இதில் எதுவும் பொருந்தாது.

நம் ஊரிலும் கனடா மாதிரி அனுமதிக்கலாமே என்று பேரன் கேட்டான். வேண்டாம் என்றேன். அனுமதியோடு அங்கே கடையில் வயதைப் பார்க்கிற ஆள் இருக்கிறான், பொட்டலத்தில் வீரியம் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது, மனநல மருத்துவரிடம் போவதை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. முப்பது வருஷம் அனுமதிக் கோப்புகளைப் பார்த்தவன் சொல்கிறேன்: சரிபார்க்க ஆள் இல்லாத அனுமதி எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். அதே நேரம், கொஞ்சத்தோடு பிடிபட்ட இருபது வயதுப் பையனை முதலில் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் என் கட்சிதான். தானாகச் சிகிச்சைக்கு முன்வருகிறவரை வழக்கிலிருந்து விலக்க அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு, 64-ஏ, இருக்கிறது. எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

மூன்றாவது, அந்த விளக்கு. எல்.இ.டி. விளக்கில் நாற்று வளர்ப்பதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். விவசாயம் வெளியிலிருந்து கற்காமல் இருந்ததே இல்லை. ஆன்ரி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மடகாஸ்கரில் 1980-களில் பதினைந்து நாள் இளநாற்றை ஒற்றை ஒற்றையாக நட்டுப் பார்த்து, தூர் வெடிப்பதைக் கண்டு வியந்தார். அதுதான் சுற்றிவந்து நம் மாவட்டத்தில் திருந்திய நெல் சாகுபடி ஆனது, 'ராஜராஜன் 1000' என்று பேர் வாங்கியது. எட்டு சென்ட் நாற்றங்கால் ஒரு சென்டாகச் சுருங்கியது. இருபத்தைந்து நாள் நாற்று பதினான்கு நாளானது. மாமனார் முதலில், "பச்சப்புள்ளையத் தூக்கி வயல்ல விடுறாங்களே" என்று வைதார். அடுத்த குறுவைக்கு அவரும் நட்டார்.

2025 ஜனவரியில் தியாகராஜர் ஆராதனைக்குப் பேரன் திருவையாறு வந்தான். கிளம்புமுன் போனில் இரண்டு விஷயம் சொன்னேன்: பையில் ஒரு தூசி இருக்கக் கூடாது, எந்த நாட்டு எல்லையைத் தாண்டி எடுத்துவந்தாலும் குற்றம், கனடாச் சட்டத்திலும்தான். "தெரியும் தாத்தா" என்றான். சும்மாவே வந்தான். நவம்பர் மழையில் என் மொட்டைமாடிக் கத்தரி நாற்று அத்தனையும் அழுகிப் போயிருந்தது. அவன் பின்கட்டில் ஒரு இரும்பு அலமாரியில் இரண்டு எல்.இ.டி. பட்டை மாட்டி, கத்தரியும் மிளகாயும் விதைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். தண்ணீரும் காற்றும் என் கணக்கு, வெளிச்சமும் டைமரும் அவன் கணக்கு. ஒரு மாதத்தில் எடுத்து நட்டோம். இப்போது அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்கு நாற்று கொடுக்கிறேன்.

அவன் அதை அடியோடு விட்டானா? தெரியாது. குறைத்துவிட்டேன் என்கிறான். சின்னத் தாத்தா விஷயத்தை அங்கே ஒரு டாக்டரிடம் தானே போய்ச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கேட்கிறேன், பதில் சொல்கிறான். சில வாரம் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒரு பேரனோ பேத்தியோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், போய்த் தட்டிப் பேரைச் சொல்லிக் கேளுங்கள். வைவதற்கு அல்ல. குடும்பத்தில் யாருக்காவது மனக்கோளாறு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உதவி வேண்டுமென்றால் 14446 என்று மத்திய அரசின் போதை மீட்பு இலவசத் தொலைபேசி இருக்கிறது.

எங்கள் பின்கட்டு அறையை நாங்கள் சாத்திவைத்தோம். தம்பி இருந்தால் இந்தத் தையில் அவனுக்கு எழுபத்தொன்று.